குதிரை வாங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டிய ஒரு பக்கம்

அதிகாலை மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பயிற்சியாளர். "மேடம், மல்லிக்கு வயித்து வலி. ரெண்டு மணி நேரமா காலால தரையைப் பறிக்கிறா, படுத்துப் புரளுறா. டாக்டர் வந்துட்டார். மருந்துல அடங்கலைன்னா ஆபரேஷனுக்கு வண்டியில ஏத்தணும். ஏத்தலாமா வேண்டாமா? உங்க நாலு பேர்ல யார் சொல்லணும்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பந்தயக் குதிரை மல்லிக்கு நாங்கள் நான்கு பேர் சொந்தக்காரர்கள். நான், என் அண்ணன், என்னோடு வேலை பார்க்கும் தோழி, அவள் கணவர். அண்ணன் அப்போது விமானத்தில் இருந்தார். தோழி வீட்டில் இரண்டு போனும் அணைந்திருந்தன. அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவு எங்கள் பொதுக் கணக்கில் இருந்த பணத்தைவிட அதிகம். என் பங்கு நாற்பது சதவீதம். மீதி அறுபதுக்கும் சேர்த்து நான் தலையாட்டலாமா? யோசிக்க நேரமும் இல்லை.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பைக்குள் போனது மேலே திரும்பி வர வழியே இல்லாத உடம்பு அது. குடலில் அடைப்பு என்றால் பல சமயம் மருந்திலேயே தீர்ந்துவிடும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். மல்லிக்கு 56 என்று மருத்துவர் சொன்னார். அறுபதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் இறக்கினார்கள். நான் லாயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவளைக் கவனித்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். காலை ஆறரைக்கு லத்தி போட்டாள். அதைப் பார்த்து நானும் பயிற்சியாளரும் மருத்துவரும் சைஸ் அண்ணனும் கண் கலங்கி நின்றோம்.

அன்று அவள் பிழைத்தது அடைப்போடு போனதால்தான். முறுக்காக இருந்திருந்தால், எங்கள் நான்கு பேருக்குள் யார் முடிவெடுப்பது என்று தெரியாததாலேயே அவளை இழந்திருப்போம். பந்தயக் குதிரை வாங்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த வம்சம், எந்தப் பயிற்சியாளர், எவ்வளவு ஆகும் என்பதுதான். அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நடுராத்திரியில் போன் வந்தால் யார் பேச்சு செல்லும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

நாங்கள் எழுதி வைக்கவில்லை. அதைவிட முன்னால் இன்னொரு தவறும் செய்தோம். குதிரையை வாங்கிவிட்டு, பந்தய அமைப்பில் உரிமையாளராகப் பதிவு செய்யப் போனோம். வரிசை தலைகீழ். பதிவு முடியாதவர் பெயரில் குதிரை ஓட முடியாது. பதிவுக்கு எத்தனை நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை. குதிரை மட்டும் முதல் நாளிலிருந்தே சாப்பிடும்.

படிவங்கள் நாட்டுக்கு நாடு மாறும், கேட்கும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், குதிரையைப் பராமரிக்கும் வசதி இருக்கிறதா, குற்றவழக்கில் தண்டனை உண்டா, திவால் ஆனதுண்டா, வேறு எந்தப் பந்தய அமைப்பாவது உங்களைத் தடை செய்திருக்கிறதா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு நாட்டில் தடை செய்யப்பட்டவரை மற்ற நாட்டு அமைப்புகளும் சேர்க்காமல் விடும் வழக்கம் இருக்கிறது. வசதி இருக்கிறதா என்ற கேள்விக்கு வங்கியிலிருந்து கடிதம் கேட்டார்கள். கூட்டாகச் சேர்ந்தாலும் நாங்கள் நான்கு பேரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. காரணம் அண்ணனின் இனிஷியல். ஒரு ஆவணத்தில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கிக் கணக்கில் அதே பெயர் முன்னால். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க மூன்று வாரம் போனது. தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கும். அதனால் விண்ணப்பம் எழுத உட்காரும் முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பரிசுத் தொகை வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

பதிவில் ஒருவரை நிர்வாக உரிமையாளராகக் குறிப்பிட வேண்டும். அபராதம், அறிவிப்பு, பரிசு, விசாரணை எல்லாம் அவர் பெயருக்குத்தான் வரும். எங்களில் அது நான். அதை ஒரு மரியாதை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது வேலை, வாரம் மூன்று நான்கு மணி நேர வேலை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், போனை எடுப்பவர், கடிதத்துக்கு அன்றே பதில் போடுபவர் யாரோ அவரிடம் அதைக் கொடுங்கள். அதிகப் பங்கு வைத்திருப்பவராக அவர் இருக்க வேண்டும் என்பதில்லை.

தனியாகவோ கூட்டாகவோ வாங்குவதைத் தவிர வேறு வழியும் உண்டு. குதிரையைக் குத்தகைக்கு எடுக்கலாம். வளர்த்தவரிடமே சொந்தம் இருக்கும். பந்தயத்தில் ஓடும் காலம் வரை உங்கள் பெயரில், உங்கள் செலவில் ஓடும். பிறகு அவரிடமே திரும்பிப் போகும். வாங்கும் பணம் மிச்சம், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் முதலிலேயே இருக்கிறது. இரண்டாவது முறை தொடங்கினால் நான் இதைத்தான் செய்வேன். பெரிய குழுக்களில் சிறு பங்கு வாங்கும் வழியும் இருக்கிறது. அங்கே முடிவெடுக்கும் பாரம் இருக்காது, முடிவெடுக்கும் உரிமையும் இருக்காது. அது பரவாயில்லை என்றால் தொடங்க நல்ல இடம்.

சரி, குதிரைக்கு வருவோம்.

வேகப் பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் தரோபிரெட் இனம். மூடிய வம்சப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் இருந்தால்தான் குட்டியின் பெயரும் ஏறும். இங்கிலாந்தில் 1791-ல் தொடங்கிய ஜெனரல் ஸ்டட் புக் என்ற பதிவேடு இன்றும் தொடர்கிறது. இன்றைய தரோபிரெட் குதிரை எதை எடுத்தாலும் ஆண்வழியில் பின்னோக்கிப் போனால் பைர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில் முடியும். இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டல் கூடாது. டிஎன்ஏ சோதித்துத்தான் பெற்றோரை உறுதி செய்கிறார்கள். ஆகவே வம்சத் தாளில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. எந்தக் குதிரையை உங்கள் முன் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அதற்குத்தான் குதிரைக்குப் பாஸ்போர்ட். பிறந்த தேதி, நிறம், நெற்றி வெள்ளை, எந்தக் கால் வெள்ளை, தடுப்பூசி விவரம் எல்லாம் அதில் இருக்கும். சுழிகளையும் வரைந்திருப்பார்கள். சுழி பார்த்துக் குதிரை வாங்குவது என்று கேள்விப்பட்டு, அதை அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்டதாகவே நினைத்திருந்தேன். இங்கே அது அடையாளம். முடி சுழன்று வளரும் இடம் ஒவ்வொரு குதிரைக்கும் வேறு, வயதானாலும் மாறாது. கழுத்தின் இடப் பக்கம் தோலுக்கு அடியில் பதினைந்து இலக்க மைக்ரோசிப் இருக்கும். சிப் எண்ணையும் சுழியையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பாஸ்போர்ட் கையில் இருப்பதால் குதிரை உங்களுடையது ஆகிவிடாது. அது அடையாளப் புத்தகம், உரிமைப் பத்திரம் அல்ல. விற்பனை ரசீதும், பந்தய அமைப்பில் உங்கள் பெயருக்கு மாற்றிய பதிவும்தான் உரிமை.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். வட கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1 பிறந்தநாள், தென் கோளத்தில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. மல்லி மே மாதம் பிறந்தவள். அவளுக்கு இரண்டு வயது என்று பதிவேடு சொன்ன நாளில் உண்மையில் இருபது மாதம்கூட நிறையவில்லை. ஜனவரியில் பிறந்தவற்றோடு ஒரே வகுப்பில் அவளும் நின்றாள். நான்கு மாதம் என்பது அந்த வயதில் பெரிய வித்தியாசம். அதனால் அவள் மோசமான குதிரை ஆகிவிடவில்லை. பொறுமையாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாங்கும் முன் செய்யும் மருத்துவச் சோதனையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விற்பவரின் மருத்துவர் வேண்டாம், உங்களுக்காகப் பார்க்கும் ஒருவரை அழையுங்கள். மல்லிக்கு முன் வேறொரு குதிரை எங்கள் மனதைக் கவர்ந்திருந்தது. நடை அழகு, பார்வை அழகு. எங்கள் மருத்துவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார். குரல்வளையின் இடப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு ஒன்றே வழி. பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் காலும் நுரையீரலும் சேர்ந்தே இயங்கும். அந்த வழி பாதி அடைத்தால் இதயம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அண்ணனுக்கு அந்தக் குதிரையை விட மனமே இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விட்டது சரி என்று இப்போது அவரே சொல்கிறார்.

பெயர் வைப்பது இந்த வேலைகளிலேயே இனிமையானது. ஆனால் அதற்கும் விதி உண்டு. ரோமன் எழுத்தில், இடைவெளியும் சேர்த்துப் பதினெட்டுக்குள் அடங்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் குதிரையின் பெயரோ அதைப் போல ஒலிக்கும் பெயரோ கூடாது. புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்களை உலகம் முழுதும் காத்து வைத்திருக்கும் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட்டுக்கே, அனுப்பிய பல பெயர்கள் நிராகரிக்கப்பட்ட பிறகு கிடைத்த பெயர்தான் அது. நாங்கள் மூன்று பெயர் அனுப்பினோம். முதலாவது வேறு யாரிடமோ இருந்தது. இரண்டாவது நீளம். மூன்றாவது பவழமல்லி, அது கிடைத்தது. லாயத்தில் மல்லி. அந்த ழகரத்தை வர்ணனையாளர் சரியாகச் சொல்லவே மாட்டார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு நிமிடச் சொச்சத்தில் முடிகிற பந்தயத்தில் பெயரை வேகமாகச் சொல்ல முடிய வேண்டும். பதிவுக்கு அனுப்பும் முன் பத்துத் தடவை வாய்விட்டு, ஓட்டமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஜாக்கி அணியும் சட்டையின் நிறங்களும் அப்படியே. 1762-ல் நியூமார்க்கெட்டில் உரிமையாளர்கள் தங்கள் நிறங்களைப் பதிவு செய்தது, தூரத்திலிருந்து எந்தக் குதிரை எது என்று தெரிவதற்கும் தகராறு வராமல் இருப்பதற்கும். இன்றும் அதுதான் காரணம். அழகுக்காகக் கருநீலத்தில் சாம்பல் கோடு என்று எடுக்க இருந்தோம். மூடுபனியிலும் சேற்றிலும் ஒன்றும் தெரியாது என்று பயிற்சியாளர் தடுத்தார். மஞ்சள் சட்டை, சிவப்புக் கை, மஞ்சள் தொப்பி என்று முடிந்தது. கடைசி வளைவில் கூட்டத்துக்கு நடுவில் அந்த மஞ்சளைத் தேடிக் கண்டுபிடிக்கும் நொடி இருக்கிறதே, அதற்காகவே இந்த அறிவுரைக்கு நன்றி சொல்கிறேன்.

பணம். இதைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்து, சரி தாங்கும் என்று முடிவு செய்தோம். முதல் ஆண்டு முடிவில் நான் கூட்டிப் பார்த்தபோது பயிற்சிக் கட்டணம் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி எங்கே போனது? நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை லாடம். பயிற்சிக்கு ஒரு லாடம், பந்தயத்துக்கு லேசான அலுமினிய லாடம். பல் ராவுதல், குடற்புழு மருந்து, தடுப்பூசி, எக்ஸ்ரே, ஸ்கேன். வண்டி வாடகை. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கட்டணம், தோற்றாலும் கொடுக்க வேண்டிய ஜாக்கி கட்டணம், காப்பீடு. குதிரைக்கு அடிபட்டால் செலவு குறையும் என்று தோழி நினைத்தாள். ஓய்வுப் பண்ணைக்கு அனுப்பினால் பயிற்சிக் கட்டணம் குறையும்தான், மருத்துவச் செலவு அந்த இடத்தை நிரப்பிவிடும்.

பரிசுத் தொகை ஒரு பைசாகூட வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மல்லி தன் ஐந்தாவது பந்தயத்தில் அரை உடல் நீளத்தில் ஜெயித்தாள். பணம் உடனே வரவில்லை, சிறுநீர், ரத்தச் சோதனை முடிவுகள் வந்த பிறகுதான் விடுவித்தார்கள். பயிற்சியாளருக்குப் பத்தில் ஒரு பங்கு, ஜாக்கிக்கு அவருடைய பங்கு, லாயத்துக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் போக நின்ற தொகை நான்கு மாதச் செலவுக்கு வரவில்லை. அந்த வெற்றியில் எங்களுக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி யாரும் வீட்டுக் கடன் தவணையைத் திட்டமிட வேண்டாம். பொதுக் கணக்கு ஒன்று திறந்து, ஆறு மாதச் செலவை முன்கூட்டியே போட்டு வைத்து, அதற்குக் கீழே இறங்காமல் மாதா மாதம் நிரப்புவது என்று இப்போது வைத்திருக்கிறோம். "இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று நண்பர்கள் சொல்ல ஆரம்பித்தால் கூட்டு உடையத் தொடங்கியது என்று அர்த்தம்.

பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. நான் தினமும் போன் செய்தேன். அவர் "நல்லா இருக்கா மேடம்" என்றார். உண்மையாகவே வேறு சொல்ல ஒன்றும் இருக்காது, அவரிடம் இருக்கும் குதிரைகள் அத்தனை. அப்புறம் வாரம் ஒருமுறை என்று குறைத்து, நான்கு கேள்வி மட்டும் கேட்டேன். தீவனம் மிச்சம் வைக்கிறாளா? இந்த வாரம் எந்த நாள் வேகமாக ஓட விட்டீர்கள்? கால்களில் சூடு எங்காவது இருக்கிறதா? அடுத்து எதை நோக்கிப் போகிறோம்? இதற்கு "நல்லா இருக்கா" என்று பதில் சொல்ல முடியாது.

தீவனக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவர் சைஸ் அண்ணன். "தொட்டியில மிச்சம் இருந்தா அன்னிக்கு ஏதோ இருக்கு மேடம். காய்ச்சல் பார்ப்பேன், காலைத் தடவுவேன்" என்பார். தினமும் காலை அவர் வெப்பநிலை எடுத்து ஒரு நோட்டில் எழுதுவார். 37.5 முதல் 38.5 டிகிரிக்குள் இருந்தால் சரி. மல்லிக்கு இரண்டரை வயதில் முன்னங்கால் எலும்பில் வலி வந்ததையும் அவர்தான் முதலில் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பின் முன்பக்கத்தில் உள்ளங்கையால் வழித்தபோது அவள் காலைச் சட்டென்று இழுத்தாள். வேக ஓட்டத்தைத் தாங்குவதற்காக எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் வயது அது. கட்டும் வேகத்தைவிட ஓட்டும் வேகம் கூடினால் வீங்கி வலிக்கும். இளம் பந்தயக் குதிரைகளிடம் மிகச் சாதாரணமாக வருவதுதான். வலியை மருந்தால் அடக்கி ஓட்டினால் விரிசலில் போய் முடியலாம். இரண்டு மாதம் நிறுத்தினோம். அண்ணனுக்கு வருத்தம், நான் அவருக்கு அந்த நோட்டைக் காட்டினேன். மல்லி மூன்று வயதில்தான் முதல் பந்தயம் ஓடினாள். ஒன்பது குதிரைகளில் ஏழாவது.

உரிமையாளர்கள் லாயத்துக்குப் போனால் பயிற்சியாளரோடு நின்று பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். குதிரையைத் தொட்டுப் பார்த்துக்கொள்பவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். பயிற்சியாளருக்குத் தெரியாமல் தகவல் பிடுங்குவது என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை, அது தப்பு. அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். நல்ல பயிற்சியாளருக்கு அது பிடிக்கும்.

பந்தய நாளில் ஒரு சம்பவம். கையில் காபிக் கோப்பையோடு மல்லியின் அருகே போய் முகத்தைத் தடவப் போனேன். சைஸ் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "கையைக் கழுவிட்டு வாங்க மேடம்." காபி, டீ, சாக்லேட் மூன்றிலும் இருக்கும் பொருட்கள் குதிரைக்குத் தடை செய்யப்பட்டவை. துளி போனாலும் சோதனையில் தெரியலாம். தெரிந்தால் ஜெயித்த இடம் போகும், பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டும். எப்படி உள்ளே போனது என்பது பிறகுதான். 2020 அக்டோபரில் பாரிசில் ஆர்க் என்ற பெரிய பந்தயத்துக்கு முன்தினம், அயர்லாந்துப் பயிற்சியாளர் எய்டன் ஓபிரையன் தன் குதிரைகளை எல்லாம் விலக்கிக்கொண்டார். தீவனத்திலேயே சில்பாடெரால் என்ற மருந்து கலந்திருந்தது. உலகின் மிகப் பெரிய லாயங்களில் ஒன்றுக்கே அப்படி என்றால் என் காபிக் கை எம்மாத்திரம்? அன்றிலிருந்து வீட்டிலிருந்து கேரட்கூட எடுத்துப் போவதில்லை. அவர் கொடுத்தால் வாங்கி ஊட்டுவேன்.

பந்தயம் கட்டுவது பற்றி எங்களுக்குள் ஒரே விதி. லாயத்தில் தெரிந்த எதையும் வெளியே யாரிடமும் சொல்வதில்லை. சொந்தக் குதிரை தோற்கும் என்று பணம் கட்டுவதைப் பல நாடுகளில் கடுமையாகத் தண்டிக்கிறார்கள். தகவல் கசிவதும் அதே குற்றத்தின் இன்னொரு முனை. யாராவது விருந்தில் "உங்க குதிரை எப்படி?" என்று கேட்டால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வயிற்று வலி வந்த அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் எழுதிய ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தினோம், ஆனால் எழுதியது நாங்கள்தான். அவசரத்தில் முதலில் எனக்கு, நான் எடுக்காவிட்டால் தோழிக்கு, பிறகு அண்ணனுக்கு என்று போன் வரிசை. மூன்று பேரும் கிடைக்காவிட்டால் குதிரை துன்பப்படாமல் இருக்க எது தேவையோ அதை மருத்துவர் செய்யலாம், பணத்துக்கு நாங்கள் பொறுப்பு. எவ்வளவு தொகை வரை ஒருவரே முடிவெடுக்கலாம் என்ற வரம்பு. ஒருவர் விலக நினைத்தால் பங்கை முதலில் மற்றவர்களுக்குத் தர வேண்டும் என்பது. காப்பீட்டு எண்ணும் அவர்களுடைய அவசரத் தொலைபேசி எண்ணும். இறப்புக்கான காப்பீடு வேறு, அறுவைச் சிகிச்சைக்கான காப்பீடு வேறு என்பதும், அவர்களுக்கு உடனே தெரிவிக்காவிட்டால் பணம் கிடைக்காமல் போகலாம் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தின் ஒரு நகல் பயிற்சியாளர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. ஓட்டம் முடிந்த பிறகு மல்லி எங்கே போவாள்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் வாழும். பந்தயம் அதில் நாலைந்து வருடம். அந்த நாலைந்து வருடத்துக்கு மட்டும் சொந்தக்காரர்களாக இருக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மாதா மாதம் பொதுக் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை அவளுடைய ஓய்வுக்கென்று தனியாக எடுத்து வைப்பது என்று எழுதினோம். தோழியின் கணவர்தான் அதைப் பிடிவாதமாகக் கேட்டார். பதினைந்து சதவீதப் பங்குக்காரர் அவர். எங்களில் யாரும் யோசிக்காததை யோசித்தார்.

பதினோராவது பந்தயத்துக்குப் பிறகு முன்னங்காலின் பின்புறத் தசைநாணில் கிழிசல். ஸ்கேனில் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை படிப்படியாக நடத்தித் தேற்றலாம், திரும்ப வேகமாக ஓடினால் அதே இடத்தில் மறுபடியும் கிழிய வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். இன்னொரு முயற்சி செய்யலாம் என்று அண்ணன் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கோமோ அதைச் செய்வோம்மா" என்றார்.

பந்தயப் பதிவிலிருந்து ஓய்வு பெற்றதாக எழுதிக் கொடுத்தோம். இனி பந்தயத்துக்குக் கொண்டு போக மாட்டோம் என்ற நிபந்தனையோடு, குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்றுக்குக் கொடுத்தோம். அங்கே போவதற்கு முன் அவள் கால் ஆறுவதற்கும், கூட்டத்தில் முந்தாமல் நிதானமாக நடக்கக் கற்றுக்கொள்வதற்கும் ஆன செலவை அந்தச் சிறு தொகைதான் தாங்கியது.

ஒப்படைத்த அன்று சைஸ் அண்ணனும் என்னோடு வந்தார். மல்லியை வாங்கிக்கொள்ள வந்தது இருபது வயதுப் பெண். கயிற்றைக் கையில் வாங்குமுன் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். படம் இருந்த பக்கத்தைத் திறந்து, சிப் கருவியைக் கழுத்தின் இடப் பக்கம் ஓட்டி, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். பிறகு நெற்றி முடியை ஒதுக்கி, சுழி இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். "சரியா இருக்குங்க" என்றாள். சைஸ் அண்ணன் அப்போதுதான் கயிற்றை விட்டார்.